வரைந்தவர் ஒருவர், நெய்தவர் ஒருவர் - ஒரு சுவீடன் வீட்டின் கதை

புது வீடு கட்டுகிறவர்களும் சரி, வாடகை வீடு மாறுகிறவர்களும் சரி, தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. அடுத்தவர் வீட்டைப் பார்ப்பது! சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் சாப்பாட்டை விட ஜன்னல் திரையைக் கவனிப்பவர்கள் அதிகம். "இந்தக் கலர் நம்ம ஹாலுக்கு எடுக்குமா?" என்று காதோடு காதாகக் கேட்டுக்கொள்வார்கள். பத்திரிகைகளில் வரும் வீட்டுப் படங்களை வெட்டி வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இது வியாபாரிகளுக்கும் தெரியும். சோபாவைத் தனியாக நிறுத்தி வைத்தால் அது வெறும் சோபா. அதன் பக்கத்தில் ஒரு விளக்கு, கீழே ஒரு விரிப்பு, மேசை மேல் பாதி படித்த புத்தகம், மூலையில் ஒரு குழந்தையின் பொம்மை என்று வைத்துவிட்டால் அது ஒரு வீடு. வாங்க வருகிறவர் சோபாவை வாங்குவதில்லை. அந்த வீட்டில் நடக்கும் வாழ்க்கையை வாங்குகிறார்.

பழைய காலத்தில் பணக்காரர்கள் அரண்மனையைப் பார்த்து வீட்டை அலங்கரித்தார்கள். நடுத்தர மக்கள் பணக்காரர்களைப் பார்த்து அலங்கரித்தார்கள். ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடும் ஒரு சாதாரண குடும்பத்தின் வீட்டைப் பார்த்து, "எங்கள் வீடும் இப்படி இருக்க வேண்டும்" என்று ஒரு நாடே ஆசைப்பட்டது எப்போது? அதற்கு ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது. 1899இல் வெளிவந்த ஒரு புத்தகமும், அந்தப் புத்தகத்துக்குள் இருந்த ஒரு வீடும்தான் அது. வீட்டின் பெயர் லில்லா ஹிட்நேஸ். இருப்பது சுவீடன் நாட்டில், டாலார்னா பகுதியில், சுண்ட்போர்ன் என்ற கிராமத்தில்.

வீடு இல்லாத சிறுவன்

கார்ல் லார்சன் 1853இல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் பிறந்தார். இன்று பார்ப்பதற்கு அழகாக இருக்கும் அந்த நகரம் அன்று ஏழைகளுக்கு நரகமாக இருந்தது. ஒரே அறையில் பல குடும்பங்கள், நோய், பட்டினி, குடி. தாய் துணி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தகப்பன் அன்பு காட்டத் தெரியாத மனிதர். மகன் பிறந்த நாளையே சபித்தவர். கார்ல் இதையெல்லாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த நூல் அவர் இறந்த பிறகு 1931இல்தான் வெளியானது.

ஏழைகள் பள்ளியில் படித்த இந்தப் பையனுக்குப் படம் வரையும் திறமை இருப்பதை ஓர் ஆசிரியர் கண்டுகொண்டார். அவர் தூண்டுதலால் 13 வயதில் அரச கலைக் கழகத்தின் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தார் கார்ல். பிறகு நகைச்சுவைப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டுச் சம்பாதித்தார். 1877இல் பாரிஸ் போனார். அங்கே பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரைந்து பெயர் வாங்கப் பார்த்தார். நடக்கவில்லை. வறுமையும் மனச்சோர்வும்தான் மிச்சம்.

1882இல் பாரிசுக்குத் தெற்கே கிரே என்ற சிறு கிராமத்துக்குப் போனார். ஸ்காண்டிநேவிய ஓவியர்கள் பலர் அங்கே தங்கியிருந்தார்கள். அங்கேதான் இரண்டு திருப்பங்கள். ஒன்று, கனமான எண்ணெய் வண்ணத்தை விட்டு வெளிச்சமான நீர்வண்ணத்துக்கு மாறினார். இன்னொன்று, கரின் பெர்கோவைச் சந்தித்தார்.

தூரிகையைக் கீழே வைத்தவர்

கரின் 1859இல் பிறந்தவர். அப்பா அடோல்ஃப் பெர்கோ வசதியான வியாபாரி. கரினும் சாதாரண ஆள் இல்லை. கைத்தொழில் பள்ளியில் படித்துவிட்டு, கார்ல் படித்த அதே கலைக் கழகத்தில் ஐந்து வருடம் ஓவியம் பயின்றவர். மேற்கொண்டு கற்றுக்கொள்ளத்தான் பிரான்சுக்கு வந்திருந்தார். அதாவது இருவருமே முறைப்படி படித்த ஓவியர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1883இல் திருமணம். 1884இல் முதல் குழந்தை சுசான். அதன் பிறகு கரின் ஓவியம் வரைவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் ஓர் ஓவியப் பெண்ணுக்குத் திருமணம் ஆனால் அதுதான் வழக்கம். மொத்தம் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே இறந்துவிட, ஏழு பேர் வளர்ந்தார்கள்.

மாமனார் கொடுத்த மரவீடு

1888இல் அடோல்ஃப் பெர்கோ சுண்ட்போர்னில் இருந்த ஒரு சிறிய மரவீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தார். அதற்கு முன் அதில் கரினின் வயதான அத்தைகள் இருவர் வாழ்ந்து வந்தார்கள். ஆற்றங்கரை ஓரம், நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில் வீடு. 'ஹிட்டா' என்றால் உலோகம் உருக்கும் பட்டறை. 'நேஸ்' என்றால் நீருக்குள் நீளும் நிலமுனை. 'லில்லா' என்றால் சின்ன. பெயரிலேயே ஊரின் வரலாறு இருக்கிறது.

பக்கத்தில் உள்ள ஃபாலூன் நகரம் செப்புச் சுரங்கத்துக்குப் புகழ் பெற்றது. பல நூற்றாண்டுகள் ஓடிய அந்தச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுவீடன் கிராமங்களின் படத்தைப் பார்த்தால் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கிய சிவப்பில் இருக்கும். அந்தச் சிவப்புச் சாயம் ஃபாலூன் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து வந்ததுதான்! இரும்பு ஆக்சைடு கலந்த அந்த மண்ணைச் சுட்டு அரைத்துச் சாயமாக்கினார்கள். விலை மலிவு, மரமும் கெடாது. லார்சன் வீட்டின் வெளிச்சுவரும் அதே சிவப்பு.

ஆரம்பத்தில் இது கோடை விடுமுறைக்கு மட்டும்தான். கார்லுக்கு வேலை கோத்தன்பர்க், ஸ்டாக்ஹோம் நகரங்களில் இருந்தது. கோத்தன்பர்க் ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1896இல் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தின் மாடிப்படிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் முடித்தார். கையில் காசு வரும்போதெல்லாம் வீட்டில் ஓர் அறை சேரும். முதலில் ஒரு ஸ்டுடியோ. அது போதாமல் போனதும் இன்னும் பெரிய ஸ்டுடியோ. பழைய ஸ்டுடியோ பிள்ளைகளும் கரினும் வேலை செய்யும் அறையாக மாறியது. திட்டம் போட்டுக் கட்டிய வீடு இல்லை இது. குடும்பம் வளர வளர வீடும் வளர்ந்தது. 1901இல்தான் நிரந்தரமாகக் குடியேறினார்கள்.

அப்படி என்ன இருந்தது உள்ளே?

இதைப் புரிந்துகொள்ள, அன்றைய வசதியான ஐரோப்பிய வீடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கரும்பழுப்பு மரச்சாமான்கள், கனமான வெல்வெட் திரைகள், குஞ்சம் தொங்கும் மேசை விரிப்புகள், எங்கு பார்த்தாலும் பொம்மைகள், ஜாடிகள். வெயில் பட்டால் துணி வெளுத்துவிடும் என்று பகலிலும் இருட்டு. எல்லாவற்றிலும் நல்ல அறை விருந்தாளிக்கு. பிள்ளைகள் அதற்குள் போகக்கூடாது.

லில்லா ஹிட்நேஸ் இதற்கு நேர் எதிர்.

முன்னறை முழுக்க வெள்ளை. அங்கே போட்டிருந்த நாற்காலிகள் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் காலத்துப் பாணி, அதாவது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. மற்ற வீடுகளில் "பழசு" என்று பரணில் ஏற்றியிருந்த சாமான்கள் இவை. லார்சன் குடும்பம் அவற்றை எடுத்துப் பெயிண்ட் அடித்து, நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியில் உறை தைத்துப் போட்டது. கழற்றித் துவைக்கலாம். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் துவைக்க முடியாத சோபா எதற்கு?

ஜன்னலில் கனத் திரை கிடையாது. மேலே ஒரு சிறு துணி மட்டும். கீழே வரிசையாகப் பூந்தொட்டிகள். சுவீடனில் குளிர்காலத்துப் பகல் மிகச் சிறியது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் திரை போட்டு மறைப்பது முட்டாள்தனம் என்பது அவர்கள் எண்ணம். தரையில் விலையுயர்ந்த கம்பளம் இல்லை. தேய்த்துக் கழுவிய மரப்பலகை, அதன் மேல் கிழிந்த துணிகளை நாடாவாகக் கிழித்து நெய்த விரிப்பு.

சாப்பாட்டு அறை சிவப்பும் பச்சையும். அது டாலார்னா கிராமத்து வீடுகளின் நிறம். படித்த நகரத்து ஓவியர்கள் குடியானவர்களின் நிறத்தைக் கூச்சமில்லாமல் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்தது அன்றைக்குப் புதுமை. கதவுகளில் கார்ல் பிள்ளைகளின் உருவங்களை வரைந்தார். வாசலுக்கு மேலே வருகிறவர்களை வரவேற்று இரண்டு வரி எழுதினார்.

படுக்கையறை ஏற்பாடும் வேடிக்கையானது. கரினும் சிறு பிள்ளைகளும் ஓர் அறையில். கார்லின் படுக்கை அடுத்த அறையில், சுவரோரம் இல்லாமல் அறையின் நட்ட நடுவில்! இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவுக்குப் பதில் கரின் செய்த ஒரு தொங்கும் திரை. அதன் பெயர் 'அன்பின் ரோஜா'.

மழையும் தண்டனை மூலையும்

இந்த வீடு வெளியுலகுக்குத் தெரிந்தது ஒரு மழையால்தான்.

1890களின் நடுவில் ஒரு கோடை. வெளியே போய் வரைய முடியாமல் வாரக்கணக்கில் மழை. வேலையில்லாமல் எரிச்சலோடு அலைந்துகொண்டிருந்த கணவரிடம், "வீட்டுக்குள்ளேயே இருப்பதை வரையுங்களேன்" என்றாராம் கரின்.

இன்னொரு கதையும் இதோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. சாப்பாட்டு மேசையில் குறும்பு செய்த மகன் பொந்துஸ் முன்னறைக்குத் துரத்தப்பட்டான். அங்கே மூலையில் நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்த அப்பாவுக்கு, மகனை விட அவன் பின்னால் இருந்த அறை கண்ணில் பட்டது. அந்தக் காட்சி அப்படியே ஓவியமானது. தலைப்பே 'தண்டனை மூலை' என்ற பொருளில்தான்.

இந்தப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. அறைகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. தரையில் ஏதாவது கிடக்கும். நாய் படுத்திருக்கும். ஒரு பெண் ஜன்னல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். வேலைக்காரப் பெண்களும் இருப்பார்கள். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு நாற்காலி திரும்பியிருக்கும்.

படங்களில் பல 1897இல் ஸ்டாக்ஹோமில் நடந்த பெரிய கலை, தொழில் கண்காட்சியில் வைக்கப்பட்டன. 1899இல் போன்னியர் பதிப்பகம் 24 படங்களோடு புத்தகமாக வெளியிட்டது. தலைப்பு 'எத் ஹெம்'. அதாவது 'ஒரு வீடு'. தான் வாழும் பெருமையைக் காட்ட இதை வெளியிடவில்லை என்றும், வீட்டை அழகாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இது ஓர் உதாரணமாகப் பயன்படலாம் என்றும் கார்ல் அதில் எழுதினார். வீட்டு அலங்காரத்துக்கு யோசனை தேடுகிறவர்களுக்காகவே ஒரு குடும்பம் தன் கதவைத் திறந்து வைத்தது என்று இதைச் சொல்லலாம்.

சரியான நேரம்

ஒரு பொருள் சந்தையில் ஜெயிக்க அது நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நேரமும் கூட வேண்டும். 'ஒரு வீடு' வந்த நேரம் அப்படிப்பட்டது.

அதே 1899இல் எலன் கேய் என்ற சுவீடன் எழுத்தாளர் 'எல்லோருக்கும் அழகு' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அழகு பணக்காரர்களின் சொத்து இல்லை. மலிவான பொருளும் அதன் வேலையை ஒழுங்காகச் செய்து, எளிமையாகவும் இருந்தால் அழகுதான். அழகான வீட்டில் வாழ்கிற மனிதர்கள் நல்லவர்களாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பார்கள் என்பது அவர் வாதம். அவர் எழுத்தில் சொன்னதைக் கார்ல் படத்தில் காட்டியிருந்தார்.

அடுத்தது ஜெர்மனி. 1909இல் லாங்கெவீஷே என்ற பதிப்பாளர் லார்சனின் படங்களையும் எழுத்தையும் தொகுத்து 'வெயிலில் ஒரு வீடு' என்ற பொருளில் மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். முதல் பதிப்பு 40,000 பிரதிகள் மூன்றே மாதத்தில் விற்றுத் தீர்ந்தன! அதன் பிறகும் அந்தப் புத்தகம் பல பத்து முறை மறுபதிப்பு கண்டது. தொழிற்சாலைப் புகைக்கு நடுவில் அடுக்குமாடிகளில் வாழ்ந்த நகரத்து மக்களுக்கு அந்தத் தலைப்பே ஒரு கனவாக இருந்திருக்கும்.

1917இல் ஸ்டாக்ஹோமில் ஒரு வீட்டுக் கண்காட்சி நடந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறு வீடுகளை எப்படி நன்றாக அமைக்கலாம் என்று அறை அறையாகக் கட்டிக் காட்டினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் குன்னர் ஆஸ்ப்லுண்ட் அமைத்த சமையலறையும் அதில் ஒன்று. 1919இல் கிரெகோர் பால்சன் 'அன்றாடப் பொருள்கள் இன்னும் அழகாக' என்ற கருத்தை முன்வைத்து நூல் எழுதினார். புத்தகத்துக்குள் இருந்த வீடு ஒரு நாட்டின் கொள்கையாக மெல்ல மாறியது.

நற்பெயர் யார் கணக்கில்?

இதுவரை படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். புத்தகம் கார்லின் பெயரில். படங்கள் கார்லின் கையெழுத்தோடு. ஆனால் படத்துக்குள் இருந்த பொருள்கள்?

சோபா உறை, மேசை விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் துணி, படுக்கை விரிப்பு, சுவரில் தொங்கும் நெசவுச் சித்திரம், பிள்ளைகளின் உடைகள் - இவை கரினின் வேலை. பல மரச்சாமான்களின் வடிவமும் அவருடையதுதான். அவர் வரைந்து கொடுக்க உள்ளூர்த் தச்சர் செய்தார்.

கரினின் வேலை வெறும் "வீட்டுப் பெண்ணின் கைவேலை" இல்லை. சாப்பாட்டு அறையில் நீண்ட இருக்கைக்கு மேலே 'நான்கு பூதங்கள்' என்ற நெசவுச் சித்திரம் மாட்டியிருக்கிறது. செய்தது 1903இல். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றைக் கிட்டத்தட்ட வெறும் வடிவங்களாகவும் நிறங்களாகவும் ஆக்கியிருக்கிறார். உருவமில்லாத ஓவியம் என்ற ஒன்று ஐரோப்பாவில் பெயர் பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு கிராமத்துச் சாப்பாட்டு அறையில் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சமயங்களில் ஜப்பானிய வடிவங்கள், சமயங்களில் டாலார்னா கிராமத்து நெசவு, சமயங்களில் பிரான்சில் பார்த்தது என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்துத் தனக்கென்று ஒரு பாணி செய்துகொண்டார்.

1906இல் அவர் வடிவமைத்த ஆடும் நாற்காலி நேர்க்கோடுகளும் சட்டங்களுமாக இருக்கும். அலங்காரமே இல்லாத அந்த வடிவம் தச்சருக்கே வெட்கமாக இருந்ததாம். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருட்டிய பிறகு கொண்டுவந்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இன்று பார்த்தால் அது இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வந்த நவீன நாற்காலிகளின் அக்கா மாதிரி இருக்கிறது!

தனக்கும் அவர் உடை வடிவமைத்துக்கொண்டார். அன்றைய பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை அணிந்து மூச்சு விடச் சிரமப்பட்ட காலம். கரின் தளர்வான கவுனும் அதன் மேல் நீளமான ஏப்ரனும் போட்டுக்கொண்டார். அடிக்கடி கர்ப்பமாகவும், எப்போதும் வேலையாகவும் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எது தேவையோ அது.

இங்கேதான் ஒரு கணக்குப் பிரச்சினை வருகிறது. கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. லார்சன் வீட்டின் நற்பெயரை உருவாக்கியவர்கள் இரண்டு பங்குதாரர்கள். ஒருவர் படம் வரைந்தார், ஒருவர் படத்துக்குள் இருப்பதைச் செய்தார். ஆனால் பேரேட்டில் ஏறியது ஒரே பெயர். கார்ல் மனைவியின் ரசனையை மதித்தவர்தான், தன் வேலையில் அவர் சொல்லும் கருத்துக்குக் காத்திருந்தவர்தான். இருந்தாலும் ஓவியம் என்பது கலை, நெசவு என்பது வீட்டு வேலை என்று உலகம் பிரித்து வைத்திருந்தது. ஓவியத்தில் கையெழுத்துப் போட ஓர் ஓரம் உண்டு. சோபா உறையில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

படத்தில் வராதவை

இன்னொன்றும் பேச வேண்டும். படத்தில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் இருட்டும் இருந்தது.

1905இல் மூத்த மகன் உல்ஃப் 18 வயதில் குடல்வால் நோயால் இறந்தான். கார்லுக்கு வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு விட்டு விட்டு வந்தது. தேசிய அருங்காட்சியகத்தில் மீதமிருந்த சுவருக்காக அவர் 1915இல் முடித்த 'நடுக்குளிர்காலப் பலி' என்ற மாபெரும் ஓவியத்தை, நீண்ட சர்ச்சைக்குப் பிறகு நிர்வாகம் நிராகரித்தது. அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. 1919 ஜனவரியில் இறந்தார். (அதே ஓவியத்தை அருங்காட்சியகம் 1997இல் விலை கொடுத்து வாங்கி அதே சுவரில் மாட்டியது என்பது வரலாற்றின் குறும்பு!)

அப்படியானால் அந்தப் படங்கள் பொய்யா? அப்படிச் சொல்ல முடியாது. ஒழுங்கான வீட்டையே பார்க்காமல் வளர்ந்த ஒரு சிறுவன், தன் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட வீடு கிடைக்க வேண்டும் என்று நினைத்தானோ அதை வரைந்தான். அந்தப் படங்களில் இருக்கும் வெளிச்சம், இருட்டு தெரிந்த ஒருவர் தேடிப் பிடித்த வெளிச்சம். ஸ்டாக்ஹோம் சந்தில் நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்கு வெள்ளைச் சுவரும் பூந்தொட்டியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் படங்கள் வெறும் அலங்காரப் படங்களாகத் தெரியாது.

கிராமத்திலிருந்து கடைக்கு

1943இல் இங்வார் காம்ப்ராட் என்ற 17 வயதுப் பையன் சுவீடனின் தெற்கே ஒரு சிறு கம்பெனி தொடங்கினான். பெயர் ஐகியா. 1948இல் மரச்சாமான் விற்பனை, 1951இல் படங்களோடு விலைப்பட்டியல் புத்தகம், 1958இல் முதல் பெரிய கடை. கழற்றித் தட்டையாக அடுக்கிய பெட்டியில் மேசையை விற்று, போக்குவரத்துச் செலவைக் குறைத்து, விலையைக் குறைத்ததுதான் அதன் தந்திரம் என்று வணிகவியல் வகுப்புகளில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சாமான்களைத் தனித்தனியாகக் காட்டாமல் குடும்பம் வாழும் அறைகளாக ஜோடித்துக் காட்டியது. வெளிர் நிறம், எளிய மரம், துவைக்கக்கூடிய துணி, பிள்ளைகளுக்கும் ஓர் இடம். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?

இதை ஐகியாவே மறைக்கவில்லை. சுவீடன் வீட்டு அலங்காரப் பாணிக்கு முன்மாதிரி அமைத்தவர்கள் என்று கார்ல், கரின் இருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் அதன் முதல் இந்தியக் கடை திறந்தபோது, அந்த ஜோடித்த அறைகளைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்தது. சுண்ட்போர்ன் என்ற ஊர் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. லார்சன் குடும்பம் எந்தப் பாணியையும் கடையில் வாங்கவில்லை. பரணில் கிடந்ததை எடுத்தார்கள். கிழிந்த துணியை விரிப்பாக்கினார்கள். ஊர்த் தச்சரிடம் செய்தார்கள். குளிர்காலத்துக்கு எது தேவை, ஏழு பிள்ளைகளுக்கு எது தேவை, இரண்டு பேர் வேலை செய்ய எது தேவை என்று பார்த்து அமைத்தார்கள். அந்த வீட்டின் அழகு தேவையிலிருந்து வந்தது. அதைப் பார்த்து வந்த பாணி, தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லோருக்கும் விற்கிறது. வெயில் கிடைக்காத நாட்டுக்காரர்கள் வெளிச்சத்துக்காகத் திரையை எடுத்தார்கள். வெயில் கொளுத்தும் ஊரில் அதைப் பார்த்து ஜன்னல் திரையை எடுத்தால் அனுபவிக்க வேண்டியதுதான்!

இரண்டு பெயர்கள்

கரின் 1928இல் இறந்தார். பிள்ளைகள் வீட்டை விற்கவில்லை. பங்கு போட்டும் கலைக்கவில்லை. குடும்பச் சங்கம் ஒன்று அமைத்து, பொருள்களை அப்படியே வைத்து, 1940களிலிருந்து பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். இன்றும் வீடு சந்ததியினரின் சங்கத்திடம்தான் இருக்கிறது.

அந்த முடிவுதான் கரினைக் காப்பாற்றியது. புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தால் கார்ல் மட்டும்தான் மிஞ்சியிருப்பார். வீடு மிஞ்சியதால், வருகிறவர்கள் கண் முன்னே அந்த நெசவும் நாற்காலியும் இருந்தன. "இதைச் செய்தது யார்?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 1997இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் தலைப்பில் இரண்டு பெயர்களும் இருந்தன: கார்ல், கரின் லார்சன், சுவீடன் பாணியை உருவாக்கியவர்கள். 'ஒரு வீடு' வெளிவந்து 98 ஆண்டுகள் கழித்து, பேரேட்டில் ஒரு திருத்தப் பதிவு!

அடுத்த முறை யார் வீட்டையாவது பார்த்து "அட, எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள்" என்று தோன்றினால், சுவரின் நிறத்தைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. அந்த வீட்டில் எது யாருக்காக, எந்தத் தேவைக்காக அப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்த வீட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். கூடவே இன்னொன்று. வீட்டின் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும் சரி, அதை அப்படி வைத்திருப்பவர் யார் என்று கேட்டு, அவரிடமும் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வரலாம். அதற்கு 98 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.